விபத்துச் செய்திக்கு ஆறு பத்தி

பட்டாசு ஆலை வெடி விபத்தைப் பற்றிச் செய்தி எழுத எனக்கு இருபது நிமிடம் போதும். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாட்களில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் வியாபாரம். கடையை அத்தாவும் அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். எஸ்.டி.டி. பூத்தும் ஃபேக்ஸ் மிஷினும் அதிலேயே இருந்தன. மதுரையிலிருந்து வரும் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபராகவும் சேர்ந்தேன். என் எழுத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஃபேக்ஸ் வைத்திருந்ததுதான் உண்மையான காரணமாக இருந்திருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. செய்தியைக் கையால் எழுதி ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். படம் இருந்தால் ஃபிலிம் சுருளைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் மதுரை அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் ஒருவர் போனில் பேசினார். "முக்கியமானத மேல வைங்க. கீழ போகப் போகக் கொறஞ்ச விஷயமா இருக்கணும். எடம் பத்தலைன்னா நாங்க கீழயிருந்துதான் வெட்டுவோம். கடைசிப் பத்தி போனாலும் செய்தி நிக்கணும்." எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். மற்றதைப் பழைய பேப்பர்களைப் பார்த்து நானே படித்துக்கொண்டேன்.

விபத்துச் செய்திக்கு ஆறு பத்தி. முதல் பத்தியில் ஊரும் எத்தனை பேர் பலி என்பதும். இரண்டாவதில் எந்த அறை, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, எப்படி வெடித்தது. மூன்றாவதில் சத்தம் எவ்வளவு தூரம் கேட்டது, அறை எப்படித் தரைமட்டமானது. நான்காவதில் இறந்தவர்களின் பெயர், வயது. ஐந்தாவதில் தீயணைப்பு வண்டியும் பார்வையிட வந்த அதிகாரிகளும். ஆறாவதில் போலீஸ் வழக்கு, அப்பகுதியில் பெரும் சோகம். என் டைரியின் பின்பக்கத்தில் இதை முழுச் செய்தியாகவே எழுதி, ஊருக்கும் எண்ணிக்கைக்கும் பெயர்களுக்கும் மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். வெயில் காலத்திலும் தீபாவளி சீசனிலும் அந்த இடங்களை நிரப்பும் வேலை வந்துகொண்டே இருந்தது.

அது ஒரு மே மாதம். முற்பகல் பதினோரு மணி இருக்கும். ஆமத்தூரில் எனக்குப் பழக்கமான டீக்கடைக்காரர் ஒருவர் கடைக்குப் போன் பண்ணினார். "சிவகாசிப் பக்கமா சத்தம் கேட்டுச்சு தம்பி. புகை தெரியுது. சீக்கிரம் வாங்க." மொபெட்டில் கிளம்பினேன். ஆமத்தூரைத் தாண்டியதும் கந்தக நெடி மூக்கில் ஏறியது. அப்புறம் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆலையின் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்று ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். என்னைத் தெரிந்த போலீஸ்காரர் உள்ளே விட்டார். இந்த ஆலைகளில் ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளித் தனித்தனியாக இருக்கும்; ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்று. வெடித்த அறை செங்கல் குவியலாகக் கிடந்தது. இரண்டு பெண்களை அந்தக் குவியலிலிருந்து எடுத்தார்கள். மூன்றாவது பெண் அறைக்குள் இல்லை. இருபது, இருபத்தைந்து அடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதையில், ஒரு வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். பறந்து வந்த கல் தலையில் அடித்திருந்தது. சேலையில் தீப்பட்ட அடையாளமே இல்லை. பக்கத்தில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் நசுங்கிக் கிடந்தது. மண் ஈரமாக இருந்தது. செருப்பில் சேறு ஒட்டாமலிருக்க நான் சுற்றிக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது கேட்டருகே போலீஸ் அதிகாரி ஒருவர் எல்லா நிருபர்களுக்கும் சேர்த்து விவரம் சொன்னார். மூன்று பெயர்கள், மூன்று வயதுகள். அந்த மூன்றில் ஒரு பெயரைச் சொல்லி, "இந்தம்மாதான் வெடி மருந்து செலுத்திக்கிட்டு இருந்திருக்கு. கவனமில்லாம அழுத்தி இடிச்சதுல உராய்வு ஏற்பட்டு வெடிச்சிருக்கு" என்றார். குறித்துக்கொண்டேன். கடைக்கு வந்து இருபது நிமிடத்தில் எழுதினேன். இரண்டாவது பத்தியில் அந்தப் பெயரைப் போட்டு, 'அவரது கவனக்குறைவால் ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது' என்று முடித்தேன். பாதையில் கிடந்த பெண்ணின் பெயர் எது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் முதல் பக்கத்தில் ஒரு வரிகூட வெட்டாமல் வந்தது. அண்ணன்கூடப் படித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம் இல்லை. இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பாலிதீன் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து ஜெராக்ஸ் மிஷினின் மூடி மேல் விரித்தாள்.

"எத்தனை காப்பி?" என்றேன்.

"காப்பி வேண்டாம் சார். இதை எழுதுனது நீங்கதானா?"

பார்த்தேன். அந்த விபத்துச் செய்தி. ஆமாம் என்றேன்.

"இதுல பேரு போட்டுருக்கீகள்ல, கவனக்குறைவுன்னு, அது எங்கக்கா. கூடப் பொறந்தவ. நானும் அதே கம்பெனியிலதான் வேலை பாக்கேன், பெட்டி ஒட்டுற செட்டுல. ஒவ்வொரு வரியா இதை யாரு சொன்னாகன்னு எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். இறந்த மூன்று பேரும் ஒரே தெருக்காரர்கள். ஊர் டீக்கடையில் யாரோ பேப்பரைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இவர்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை.

"எங்கம்மா அந்தச் சாவு வீடுகளுக்குத் துட்டி கேக்கப் போச்சு சார். வாசப்படி ஏற விடல. 'உன் மக எங்க பிள்ளையையும் சேத்துக் கொன்னுபோட்டாளே, எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்த'ன்னு கேட்டுட்டாக. பதினாறுக்கு ஒருத்தர் வரல. வடிச்ச சோறு அப்படியே கெடந்துச்சு. அக்கா மக ரெண்டாவது படிக்கிது. அதுகிட்டயே பிள்ளைக, 'உங்கம்மா வெடிக்க வச்சவ'ன்னு சொல்லுதாம்."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். பத்தாவது வரை படித்தவள் என்று பிறகு சொன்னாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இது யாரு சொன்னது?"

"போலீஸ்."

ஓரத்தில் 'போ' என்று எழுதினாள். அடுத்த வரி. போலீஸ். அடுத்தது. அதுவும். தீயணைப்பு வண்டி வந்த நேரத்தைத் தீயணைப்புக்காரர் சொன்னார். 'தீ' என்று எழுதினாள். மேலே இரண்டாவது பத்திக்குத் திரும்பி, 'கூறப்படுகிறது' என்ற இடத்தில் நின்றாள்.

"கூறப்படுகிறதுன்னா, யாரு கூறுனது?"

"அதுவும் போலீஸ்தாம்மா."

"அப்ப போலீஸ் கூறுனாகன்னு போட வேண்டியதுதான?"

"அப்படி எழுதுறது வழக்கம்."

"போலீஸ்காரவுக அங்கன இருந்தாகளா, வெடிக்கும்போது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கடைசிப் பத்திக்குப் போனாள். 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.'

"இது?"

"அது நானா எழுதுனது."

"யார் வீட்டுக்குப் போய்ப் பாத்தீக?"

யார் வீட்டுக்கும் போகவில்லை. உடல்கள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த வரியை எழுதி ஃபேக்ஸில் அனுப்பிவிட்டேன். அதைச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேப்பரின் ஓரத்தில் வரிசையாக நின்ற எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"எங்க ஆளுக சொன்னதுன்னு இதுல ஒரு வரிகூட இல்ல. சரி, அது போகட்டும். நீங்க உள்ள போனீகள்ல? நீங்க கண்ணால பாத்தது எந்த வரி?"

அறை தரைமட்டமானது என்ற வரியைக் காட்டினேன். அது ஒன்றுதான் இருந்தது.

"எங்கக்கா செவப்புச் சேலை கட்டிருந்தா, மஞ்சக் கரை. அவளை எங்கன பாத்தீக?"

"தொட்டிக்குப் போற பாதையில. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்."

"பக்கத்துல குடம் கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"பச்சைக் குடம்."

"ஆமா. மண்ணு ஈரமா இருந்துச்சு."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். "தண்ணிக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருந்திருக்கா. தண்ணிக்குப் போனவ எப்படி சார் மருந்து இடிப்பா? நான் சொன்னா, 'உன் அக்காவுக்குத்தான் நீ பேசுவ'ங்கிறாக. நீங்க பாத்துருக்கீக. பாத்துட்டும் ஏன் எழுதல?"

அந்தக் கேள்வியை எத்தனையோ தடவை எனக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். பயந்து மறைத்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் எனக்குப் பணம் கொடுத்து எழுதாதே என்று சொல்லவும் இல்லை. ஆறு பத்தியில் குடத்துக்கு இடம் இல்லை. அதனால் கண்ணில் பட்டும் அது எனக்குச் செய்தியாகப் படவில்லை. இதை எப்படி அவளிடம் சொல்வது? "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். நான் எழுதி வெளியான செய்திகளை வெட்டி ஒரு ஃபைலில் ஒட்டி வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பூத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விபத்துச் செய்திகளை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். இடையில் போன் பேச வந்தவர்களுக்கு எழுந்து வழி விட்டாள். மதியம் வரை இருந்தாள். அவள் படிப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. நாலைந்து வருடமாக எழுதியதை ஒரு ஆள் வரிசையாக உட்கார்ந்து படித்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே," என்றாள். எப்போது சாரிலிருந்து அண்ணன் ஆனேன் என்று கவனிக்கவில்லை. "எல்லாமே ஒண்ணு மாதிரியே இருக்குண்ணே. ஊரை மட்டும் மாத்திப் போட்டா அந்தச் செய்தி இதுக்கும் பொருந்துது."

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதுறது."

"இன்னொண்ணு பாத்தேன். கவனக்குறைவுன்னு பேரு போட்டு எழுதுன எடத்துல எல்லாம், அந்தப் பேருக்காரவுக செத்துப்போனவுகளாத்தான் இருக்காக. உசுரோட இருக்குற ஒருத்தர் பேரு இல்ல."

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எழுதிய எனக்கு அது தெரியாது.

"அதிகாரிக பாக்குறாக, கேக்குறாக, ஆறுதல் சொல்றாக, வழக்குப் போடுறாக. எம்புட்டு வேலை செய்யுறாக பாருங்க. இதுல நாங்க செய்யுற வேலை சாகுறது மட்டுந்தான்."

அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த வாரமே விவரம் சொன்ன அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கவனக்குறைவு என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "கம்பெனி போர்மேன் சொன்னாரு. வேற யாரைக் கேக்கச் சொல்றீங்க? ரூமுல இருந்த மூணு பேரும் போய்ச் சேந்தாச்சே," என்றார். மூன்றாவது பெண் வெளியே கிடந்ததைச் சொன்னேன். வெடிப்பில் தூக்கி எறியப்பட்டிருக்கலாம் என்றார். குடம்? அவர் மேஜை மீதிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு அவர்கள் ஊருக்குப் போனேன். செய்திக்காக ஒரு விபத்து வீட்டுக்குள் நான் போனது அதுவே முதல் தடவை. ஒற்றை அறை வீடு. அம்மாக்காரி சுவரோரம் படுத்திருந்தாள். நான் யார் என்று மகள் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "வாங்கய்யா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். மகளைக் குற்றவாளி ஆக்கியவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. அந்தத் தெருவிலேயே, ஆலையில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்தேன். வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு அக்காக்காரி தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். உடனே, "என்னைச் சொல்லிராதீக சாமி, நாளைக்குக் கம்பெனி வேன்ல வேலைக்கு ஏத்த மாட்டாக," என்றாள்.

புதிதாக ஒரு செய்தி எழுதினேன். இருபது நிமிடத்தில் முடியவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. விபத்து நடந்த நேரத்தில் அந்தப் பெண் அறைக்கு வெளியே இருந்தார் என்பதை முதல் வரியில் வைத்தேன். பாதை, குடம், ஈர மண், தீப்படாத சேலை எல்லாவற்றையும் எழுதினேன். நானே பார்த்தேன் என்றும் எழுதினேன். மதுரையிலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? நிருபர் பாத்தாருன்னு எல்லாம் போட முடியாது. செய்திக்குள்ள நாம வரக் கூடாது. யாராவது சொன்னாங்கன்னு இருக்கணும். சொல்ல ஆள் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன். யோசித்தாள். "பேரு மட்டும் போட்டுராதீகண்ணே. நான் இன்னும் அங்கனதான் வேலைக்குப் போறேன். வீட்டுல இப்ப என் சம்பளம் ஒண்ணுதான்."

பெயர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். 'இறந்தவரின் தங்கை கூறினார்' என்று எழுதினேன். பெயரை மறைத்துவிட்டால் ஆள் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஊரில், அந்தக் கம்பெனியில், இறந்தவளுக்கு ஒரே ஒரு தங்கைதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இத்தனை பேரைப் பற்றி எழுதியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை உள்பக்கத்தில், மாவட்டச் செய்திகளுக்குக் கீழே, விளம்பரத்தை ஒட்டி வந்தது. நான் எழுதியதில் இரண்டு பத்தி மிஞ்சியிருந்தது. குடம் இல்லை. ஈர மண் இல்லை. அதிகாரியிடம் நான் கேட்டதும் அவர் சொன்னதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'பட்டாசு ஆலை விபத்து: இறந்த பெண்ணின் தங்கை புகார்.'

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றாள். வேலை நாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"நேத்து வேன் எனக்கு நிக்கலண்ணே. கை காட்டுனேன், நிக்காமப் போய்ட்டான். இன்னைக்கு வேற கம்பெனி வேன்ல ஏறப் போனேன். 'நீதான பேப்பர்காரன்கிட்ட புகார் குடுத்தவ'ங்கிறான். நான் எங்கண்ணே புகார் குடுத்தேன்? நீங்க கேட்டீக, நான் பதில் சொன்னேன்."

"தலைப்பு நான் வைக்கலம்மா. அது மதுரையில வைக்கிறது."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"எல்லாரும் இப்படித்தாண்ணே சொல்றீக. எழுதுனவரு தலைப்பு வைக்கல. தலைப்பு வச்சவரு எழுதல. போலீஸக் கேட்டா போர்மேன் சொன்னாருங்கிறாக. போர்மேன் யாரைச் சொல்லுவானோ." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாங்கதான் நாங்க சொன்னதுக்குப் பொறுப்பு."

பாதி திறந்திருந்த ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டேன். அப்புறம், அவள் வந்த நோக்கமாவது நடந்ததா என்று மெதுவாகக் கேட்டேன். தெருவில் யாராவது பேசினார்களா?

"ஒரு வீட்டுல பேசுனாக. செத்த மூணு பேர்ல சின்னப் பிள்ளை ஒண்ணு, அதோட மாமியா நேத்து வந்துச்சு. வாசல்ல நின்னுச்சு. அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போச்சு. இன்னொரு வீட்டுல, 'பேப்பர்ல அன்னைக்கு ஒண்ணு போட்டான், இன்னைக்கு ஒண்ணு போடுறான், எதை நம்புறது'ன்னாகளாம்."

அந்தக் கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கு வேலை கேட்டு நான் சில இடங்களுக்கு அலைந்தேன். அண்ணனிடம் சொல்லி வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலைக்குச் சேர்த்துவிடப் பார்த்தேன். ஊரிலிருந்து தினமும் வந்து போக பஸ் தோதுப்படவில்லை. நெடி வேறு அவளுக்கு ஆகவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஆடி பிறக்கும் முன்பே அம்மாவையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அக்காள் புருஷன் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவன். போகும் வழியில் கடையில் ஒரு நிமிடம் நின்று, "வாரேண்ணே," என்றாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் மிஷினின் வெளிச்சம் போய்ப் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு தீபாவளி சீசனில் இன்னொரு விபத்து. வேறு ஊர், வேறு கம்பெனி. போனேன். இந்தத் தடவை யார் யார் எங்கே கிடந்தார்கள், யார் அதைச் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டேன். காயத்தோடு தப்பித்த ஒருவரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசினேன். எதனால் வெடித்தது என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்றே எழுதி அனுப்பினேன். கேட்டு விசாரித்ததில் நேரமாகிவிட்டது. மற்ற பேப்பர்களுக்கெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் என் ஃபேக்ஸ் போனது.

மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். முதல் வரி என்னுடையது. இரண்டாவது பத்தியில் நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது. இறந்தவர் ஒருவரின் பெயர், கவனக்குறைவு, உராய்வு, கூறப்படுகிறது. மதுரைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "காரணம் இல்லாம எப்படிய்யா விபத்துச் செய்தி நிக்கும்? மத்த பேப்பர்ல எல்லாம் இருக்கு. உன் காப்பியில ஓட்டை இருந்துச்சு, அடைச்சேன்," என்றார் உதவி ஆசிரியர். அவர் கெட்டவர் இல்லை. என் மகள் பிறந்தபோது மதுரையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவர் அடைத்த வாக்கியம் வார்த்தைக்கு வார்த்தை என் பழைய வாக்கியம்தான். நான் எத்தனையோ தடவை அனுப்பி அனுப்பி அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்த இறந்தவரின் வீட்டுக்குப் போகலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன். போய் என்ன சொல்ல? போகவில்லை. பொங்கலுக்குள் நிருபர் வேலையை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று சொன்னேன். எனக்குப் பதிலாக வந்தவர் சுறுசுறுப்பானவர். விபத்துச் செய்தியை என்னைவிட வேகமாக எழுதுவார்.

நாலு வருடம் கழித்து ஒரு நாள் என் செல்போனுக்கு அவள் கூப்பிட்டாள். அம்மா திருப்பூரில் இறந்துவிட்டது, ஊருக்குக் கொண்டுவருகிறோம் என்றாள். எதற்காக என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பஸ்ஸில் போனேன். தெருவில் சாமியானா போட்டிருந்தது. அவள் உடம்பு இளைத்து, கண்ணாடி போட்டிருந்தாள். அக்கா மகள் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முன்பு கையைப் பிடித்து அழுத அந்த மாமியார்தான் வீட்டு ஆள் மாதிரி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நம்பாமல் போன இன்னொரு வீடு எதிர்வரிசையில் மூன்றாவது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நடமாட்டம் தெரிந்தது. தூக்கும்போதும் திறக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

ஊர்க்காரர் ஒருவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று அவளிடம் கேட்டார். "தெரிஞ்சவுகதான், விருதுநகர்," என்றாள்.

கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பெண் தடுத்தாள். அவள் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்படியே வெளியே வந்து, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வேலை விட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் வர நேரமாயிற்று.